பூச்சி மாத்திரை போட்ட பிறகும் பூச்சி ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தேசிய குடற்புழு நீக்க முகாம் முடிந்ததும், இத்தனை லட்சம் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்று செய்தி வருகிறது. அடுத்த சில வாரங்களில் பெற்றோரிடமிருந்து கேள்வி வருகிறது: "பள்ளிக்கூடத்திலேயே மாத்திரை கொடுத்தார்கள், பிள்ளைக்கு மறுபடியும் பூச்சி இருக்கிறதே, மாத்திரை சரியில்லையா?" மாத்திரை போலி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மாதாமாதம் கொடுத்தால்தான் நிற்கும் என்று மருந்துக்கடை வாசலில் ஒரு யோசனை கிடைக்கிறது. இரண்டுமே தவறு. மலப் பரிசோதனைக் கூடத்திலும் பள்ளி சுகாதாரப் பணியிலும் இருப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. மாத்திரை போட்ட எத்தனையாவது நாளில் பூச்சி தெரிந்தது என்பதை வைத்தே காரணத்தைப் பாதி சொல்லிவிடலாம்.

மாத்திரை தின்ற ஒரு வாரத்துக்குள் மலத்தில் புழு விழுந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். முகாமில் கொடுக்கும் மாத்திரையான அல்பெண்டசோல் புழுவை உடனே கொல்லும் விஷம் அல்ல. புழு சர்க்கரையை உறிஞ்சும் வழியை அடைத்து அதைப் பட்டினி போடுகிறது. அது செத்து வெளியேறச் சில நாள் ஆகும். பல நேரங்களில் செத்த புழு குடலுக்குள்ளேயே செரித்து உருத்தெரியாமல் போய்விடும். அதனால் "ஒரு பூச்சி கூட விழவில்லை, மாத்திரை வேஸ்ட்" என்று சொல்வதற்கும் இடமில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து மலத்தைச் சோதித்து, அப்போதும் முட்டை இருந்தால் அந்த மாத்திரை அந்தப் புழுவை முழுதாகத் தீர்க்கவில்லை என்று கொள்ளலாம். மருந்தின் திறனை அளப்பவர்கள் சிகிச்சைக்குப் பின் 14 முதல் 21 நாளுக்குள் மறுபரிசோதனை செய்வது இதனால்தான். மூன்று மாதம் கடந்து வரும் முட்டை பெரும்பாலும் புதிதாகத் தொற்றியது. அதற்கு மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடுவில் ஒரு சிக்கல் உண்டு. நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனதும் புழு அங்கேயே தங்கி வளர்வதில்லை. பொரிந்த குஞ்சு குடல் சுவரைத் துளைத்துக் கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு, தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வந்த பிறகுதான் பெரிய புழுவாகிறது. முட்டை வாய்க்குள் போனதிலிருந்து அந்தப் புழு முட்டையிடத் தொடங்கும் வரை இரண்டு மூன்று மாதம் ஆகும். பள்ளியில் கொடுக்கும் ஒற்றை மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் பிடிக்கும், நுரையீரலில் இருக்கும் குஞ்சுகளைப் பிடிக்காது. பிப்ரவரி 10 அன்று மாத்திரையை ஒழுங்காக மென்று தின்ற பிள்ளையின் நுரையீரலில் அன்றைக்கு நாலு குஞ்சு இருந்திருந்தால், ஏப்ரலில் அந்தப் பிள்ளையின் மலத்தில் முட்டை வரும். இதில் மாத்திரை மீதும் தவறில்லை, பிள்ளை மீதும் தவறில்லை.

இனி, எந்தப் புழு என்பது. "பூச்சி" என்று நாம் ஒரே பேரில் சொல்வதற்குள் வேறு வேறு உயிர்கள் இருக்கின்றன. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே ஒரு முறை கொடுத்தால் நாக்குப்பூச்சி உள்ள 100 பிள்ளைகளில் 90க்கு மேல் குணமாகிவிடும். கொக்கிப்புழுவில் 70 முதல் 80 பேர் வரை குணமாவார்கள். சாட்டைப்புழுவில் 30 பேர் தேறினால் பெரிது. சாட்டைப்புழு தன் மெல்லிய முன்பாதியைப் பெருங்குடல் தோலுக்குள் ஊசிநூல் கோத்ததுபோல் செருகிக்கொண்டு கிடக்கிறது. மருந்து அதை எட்டுவது கடினம். சாட்டைப்புழு அதிகமாக இருக்கும் பிள்ளைக்குச் சளியும் ரத்தமும் கலந்த பேதி விடாமல் வரும். முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளுவதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு முகாம் மாத்திரை ஒன்று போதாது. மருத்துவர்கள் அதே 400 மில்லிகிராமைத் தொடர்ந்து மூன்று நாள் கொடுப்பார்கள். அல்பெண்டசோலுடன் ஐவர்மெக்டினைச் சேர்த்துக் கொடுத்தால் சாட்டைப்புழுவில் பலன் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017ல் ஐவர்மெக்டினைக் குடற்புழு மருந்தாகவும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இது மருத்துவர் எடை பார்த்து எழுத வேண்டிய மருந்து. கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது கூடாது.

மாத்திரை கொடுக்கும் முறையிலும் பிசகு நடக்கிறது. அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1 வயது முதல் 2 வயது வரை அரை மாத்திரை, 2 முதல் 19 வயது வரை ஒரு முழு மாத்திரை. 3 வயதுக்குக் கீழே என்றால் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடியாக்கி, குடிநீரில் கரைத்துப் புகட்ட வேண்டும். பெரிய பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும். இந்த "மென்று" என்பதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. 60 பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது தம்ளர் தண்ணீரோடு மாத்திரையை அப்படியே முழுங்கச் சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாதது. மென்று தூளானால்தான் குடல் நெடுகப் பரவும். முழுசாக முழுங்கினால் சிறு பிள்ளைகளுக்கு மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்தும் இருக்கிறது. சில பிள்ளைகள் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டு போய் வெளியே துப்புவார்கள். மென்ற பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வது ஒரு நிமிட வேலை. "வீட்டில் போய்ப் போட்டுக்கொள்" என்று கையில் கொடுத்தனுப்பும் மாத்திரையைப் போட்டதாகக் கணக்கில் எழுதக் கூடாது.

காய்ச்சலோ வேறு நோயோ இருந்த பிள்ளை, அன்றைக்குப் பள்ளிக்கு வராத பிள்ளை ஆகியோருக்கு ஒரு வாரம் கழித்து விடுபட்டோர் நாள் வைக்கப்படுகிறது. அந்த நாளில் வருகைப் பதிவேட்டை எடுத்து முதல் நாள் வராதவர் பெயரைத் தேடிக் கூப்பிட வேண்டும். பள்ளிக்கு அடிக்கடி வராத பிள்ளைக்குத்தான் புழு அதிகம் இருக்க வாய்ப்பு.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் பூச்சி திரும்பி வரும். எவ்வளவு வேகமாக வரும் என்பதற்குக் கணக்கு உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சைக்கு முன்பிருந்த பரவலை 100 என்று வைத்துக்கொண்டு பார்த்தது. நாக்குப்பூச்சி 3 மாதத்தில் 26க்கும், 6 மாதத்தில் 68க்கும், 12 மாதத்தில் 94க்கும் திரும்பிவிடுகிறது. சாட்டைப்புழு அதே காலங்களில் 36, 67, 82. கொக்கிப்புழு 30, 55, 57. ஒரு வருஷம் சும்மா விட்டால் நாக்குப்பூச்சி கிட்டத்தட்ட பழைய நிலைமைக்கே வந்துவிடுகிறது. தொற்று அதிகமுள்ள இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு இதற்காகத்தான். இடைவெளியில் புழு திரும்பி வந்தாலும் பிள்ளை உடம்பில் அது குவியாமல் பார்த்துக்கொள்வது இந்தத் திட்டத்தின் நோக்கம். ஒரு மாத்திரையோடு ஆயுளுக்கும் பூச்சி போய்விடும் என்று முகாமில் யாராவது சொன்னால் அது மிகை.

திரும்பி வருவது எங்கிருந்து? தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதலில் பார்க்க வேண்டியது பாதம். கொக்கிப்புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. மலத்தில் வெளியேறும் முட்டை ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வளர்கிறது. தோதான மண்ணில் மூன்று நான்கு வாரம் கூட உயிரோடு காத்திருக்கும். வெறுங்காலில் மிதித்தால் விரலிடுக்கில் அரிப்பு கிளம்பும், சிறு கொப்புளம் தெரியும். சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவோம். சுள்ளென்ற வெயிலும் காய்ந்த மண்ணும் அந்தக் குஞ்சைக் கொன்றுவிடும். அதனால் திறந்த மைதானத்தில் மதிய வெயிலில் விளையாடும் பிள்ளையைவிட, சுற்றுச்சுவருக்குப் பின்னால் மரநிழலில் ஒதுங்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

நம் பள்ளிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. செருப்பை வகுப்பறை வாசலில் வரிசையாகக் கழற்றி விடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் அந்தக் குவியலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், வெறுங்காலோடு கழிப்பறைக்கு ஓடுவார்கள். அரசு இலவசமாகக் கொடுத்த காலணி வாசலில் கிடக்க, கால் ஈர மண்ணில் இருக்கும். கழிப்பறை வாசலில் பத்து ஜோடி ரப்பர் செருப்பு பொதுவாகப் போட்டு வைத்தால் இது தீரும். செலவு மிகக் குறைவு.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகஸ்டில் மாத்திரை கொடுக்கிறோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை மண் ஈரமாகவே கிடக்கிறது. அடுத்த மாத்திரை பிப்ரவரியில்தான். ஆகவே செருப்பு, கழிப்பறை பற்றிய பேச்சு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முகாம் நாளன்று ஒரு முறை என்று நின்றுவிடாமல், அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கி மழை ஓயும் வரை வாரம் ஒரு முறையாவது வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு வழி வீடு. பள்ளி மாத்திரை 19 வயதோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரை உள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, முகாமில் கொடுக்கிறார்கள். இது நல்ல முடிவு. ஆனால் வயலில் வெறுங்காலோடு நிற்கும் அப்பாவுக்கும், ஆடு மேய்க்கும் தாத்தாவுக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் 45 வயது அம்மாவுக்கும் யாரும் கொடுப்பதில்லை. கொக்கிப்புழுவோ பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் வயது பாராமல் ஊருக்கே ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரை கொடுத்து ஆராய்ந்தது. பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் பரவல் நிற்காது என்ற ஐயமே அந்த ஆய்வுக்கு அடிப்படை. ஊர் முழுவதற்கும் கொடுப்பது அரசின் முடிவு, அது வரும்போது வரட்டும். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்த பிள்ளையின் வீட்டில் உள்ளவர்கள் அதே வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து பார்த்துக்கொள்வதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் வாய் வழியாக வருபவை. ஒரு பெண் நாக்குப்பூச்சி நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது, மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் முதிர வேண்டும். முதிர்ந்தபின் வருடக் கணக்கில் மண்ணில் கிடக்கும். மேல்நிலைத் தொட்டியில் போடும் குளோரின் அதைக் கொல்லாது, கையில் தேய்க்கும் சானிட்டைசரும் கொல்லாது. கொதி நிலைக்குச் சூடாக்கினால் சாகும். கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஒட்டிய முட்டை உரிந்து போகும். கொத்தமல்லி, கேரட், வெள்ளரி போன்று பச்சையாகத் தின்பவற்றை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் முட்டை செத்துவிடும் என்று நம்புகிறார்கள், அது சாகாது. ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுவதே வழி.

பள்ளிகளில் இப்போது காலை உணவும் மதிய உணவும் இருக்கின்றன. இரண்டு வேளையும் தட்டு கழுவும் குழாயடியில் கூட்டம். தட்டைக் கழுவிவிட்டு அதே ஈரக்கையை டவுசரில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள். சோப்புக்கட்டி வைத்தால் காணாமல் போகிறது என்று தலைமையாசிரியர்கள் சொல்வது உண்மைதான். பழைய காலுறைக்குள்ளோ வலைப் பைக்குள்ளோ சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் தொலையாது, சாக்கடையிலும் விழாது.

கைக்குழந்தையின் மலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பச்சப்புள்ளையோடதுதானே" என்று தெருவோரம் வழித்துப் போடுகிறோம். தவழ்ந்து மண் தின்னும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் புழு உண்டு, அதன் மலமும் கழிப்பறைக்குள்தான் போக வேண்டும். கழிப்பறை கட்டியாயிற்று என்பதோடு கதை முடியாது. இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதுக்கு மாற்ற வேண்டும். அடைத்த குழியை ஒரு வருஷத்துக்கு மேல், முடிந்தால் இரண்டு வருஷம், தொடாமல் விட வேண்டும். ஆறே மாதத்தில் தோண்டி எருவாகப் போட்டாலோ, செப்டிக் டேங்க் லாரி கொண்டுபோய்த் தோட்டத்தில் கொட்டினாலோ உயிருள்ள முட்டையைத்தான் விதைக்கிறோம்.

பெற்றோர் கொண்டுவரும் புகாரில் பெரும்பங்கு இந்த மூன்றில் எதுவுமில்லாத கீரிப்பூச்சி பற்றியது. "ராத்திரியானால் பின்பக்கம் அரிக்குதுன்னு அழுவுறான், வெள்ளையா நூல் மாதிரி நெளியுது" என்றால் அதுதான். அதற்கு மண் தேவையில்லை. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அந்த முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றத் தயாராகிவிடும். சொறிந்த நகத்திலிருந்து வாய்க்கும், பாய் தலையணையிலிருந்து பக்கத்தில் படுத்த தங்கைக்கும் போகும். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கும் வரும். அதனால் இதை வீட்டுச் சுத்தத்தோடு சேர்த்து வெட்கப்பட வேண்டாம். நாய் பூனையால் வருவதும் அல்ல.

கீரிப்பூச்சியைச் சாதாரண மலப் பரிசோதனையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முட்டை மலத்தில் இல்லை, தோலில் ஒட்டியிருக்கிறது. பிள்ளை காலையில் எழுந்ததும், கால் கழுவுவதற்கும் குளிப்பதற்கும் முன்னால், நிறமில்லாத ஒட்டும் டேப்பின் பசைப்பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி லேசாக அழுத்தி எடுத்து, அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி லேபில் கொடுக்க வேண்டும். பால்போல் மங்கலான டேப் உதவாது, நுண்ணோக்கியில் ஊடுருவித் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் தப்பாது. மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளை கட்டாயம். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும், கர்ப்பிணி இருந்தால் அவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு. முகாமில் கிடைக்கும் ஒரு மாத்திரையோடு கீரிப்பூச்சி போகாததற்கு இந்த இரண்டு காரணமும் போதும். மருந்து போட்ட மறுநாள் காலையில் குளிப்பாட்டி, நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கைத் துணியை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைக்க வேண்டும். உதறினால் முட்டை அறை முழுக்கப் பறக்கும்.

மருந்துக்கு அடங்காத வேறு இரண்டும் உண்டு. ஜியார்டியா புழுவே அல்ல, ஒற்றைச் செல் உயிரி. நாற்றமடிக்கும், எண்ணெய் மிதப்பதுபோன்ற வயிற்றுப்போக்கு வாரக் கணக்கில் விட்டுவிட்டு வரும், பிள்ளை இளைக்கும். ஒற்றை அல்பெண்டசோல் இதற்குப் போதாது, மருத்துவர் வேறு மருந்து எழுதுவார். குட்டை நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் வேண்டும். "மூணு தடவை பூச்சி மருந்து கொடுத்தாச்சு, கேட்கவில்லை" என்ற பிள்ளைக்கு நாலாவது தடவை அதே மாத்திரையைக் கொடுக்காமல் மலத்தைச் சோதிக்க வேண்டும்.

மாதாமாதம் கொடுப்பதில் இன்னொரு அபாயம் இருக்கிறது. ஆடுகளுக்கு இதே வகை மருந்தை அடிக்கடி கொடுத்ததால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் உலகெங்கும் பெருகிவிட்டதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மனிதரிடம் அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. முகத்தில் வெள்ளைத் திட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, இனிப்பு அதிகம் தின்பது ஆகிய மூன்றையும் வைத்துப் பூச்சி என்று முடிவுகட்டுவது நம் வீடுகளில் வழக்கம். இனிப்பிலிருந்து பூச்சி பிறப்பதில்லை. வெள்ளைத் திட்டு தோல் வறட்சி சம்பந்தப்பட்டது. விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவிவிடும், புழுவைக் கொல்லாது.

புழு போனபின்னும் பிள்ளை சோர்ந்தே இருந்தால் ரத்தசோகையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கிறது. 100 புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. மாத்திரை புழுவைத்தான் எடுக்கும், போன இரும்புச்சத்தைத் திருப்பித் தராது. வாரம் ஒரு முறை கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை, 5 முதல் 9 வயது வரை இளஞ்சிவப்பு, 10 முதல் 19 வரை நீலம், இதற்காகத்தான் இருக்கிறது. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், டீயோடு போடக் கூடாது. பூச்சி மாத்திரை போட்டும் பிள்ளை தேறவில்லை என்று சொல்லும் பல வீடுகளில் இந்த மாத்திரை புத்தகப் பையிலேயே கிடக்கிறது.

இப்போது நாங்கள் சொல்ல வந்த முக்கியக் குறை. எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்பது வட்டாரவாரியாகத் தெரிகிறது. கொடுத்தபின் எத்தனை பிள்ளைகளிடம் முட்டை மிச்சம், எந்தப் புழுவின் முட்டை, எந்தப் பள்ளியில் என்ற கணக்கு ஊர்க்காரருக்கும் தலைமையாசிரியருக்கும் கிடைப்பதில்லை. அது இல்லாமல், மாத்திரை தோற்றதா மண் தோற்கடித்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

ஆரம்ப சுகாதார நிலைய லேபில் வழக்கமாகச் செய்வது, ஒரு துளி உப்புக்கரைசலில் தீக்குச்சி முனையளவு மலத்தைக் கலக்கிப் பார்ப்பது. அதில் இருப்பது சுமார் 2 மில்லிகிராம் மலம். லேசான தொற்று அதில் தப்பிவிடும். கேட்டோ-காட்ஸ் முறையில் நைலான் சல்லடையில் தேய்த்து எடுத்த மலத்தை ஓட்டையுள்ள அச்சில் நிரப்புகிறோம், அது 41.7 மில்லிகிராம் பிடிக்கும். மேலே கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டை வைத்து அழுத்தி, தெரிகிற முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று வரும். தகட்டில் 100 முட்டை என்றால் 2,400. நாக்குப்பூச்சியில் 5,000க்குக் கீழே லேசான தொற்று, 50,000க்கு மேல் கடுமை. கொக்கிப்புழுவில் 2,000க்குக் கீழே லேசு, 4,000 வந்தாலே கடுமை. மாத்திரைக்கு முன் 2,400 இருந்து மூன்று வாரம் கழித்து 120 ஆனால் 95 விழுக்காடு குறைந்திருக்கிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது. அல்பெண்டசோலுக்கு நாக்குப்பூச்சியில் 95, கொக்கிப்புழுவில் 90, சாட்டைப்புழுவில் 50 விழுக்காடாவது முட்டை குறைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

இதில் அடிக்கடி கெடுவது நேரம். கிளிசரின் கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓட்டைக் கரைத்துவிடும். தகடு தயாரித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எண்ணியாக வேண்டும். காலையில் 40 தகடு போட்டுவிட்டு மதியம் சாப்பிட்டு வந்து எண்ணினால் அந்த ஊரில் கொக்கிப்புழுவே இல்லை என்று அறிக்கை போகும். மாதிரியை வெயிலில் ஒரு நாள் வைத்தால் முட்டை பொரிந்து குஞ்சாகிவிடும், அதுவும் கணக்கைக் கெடுக்கும். மாதிரி கொண்டுவரும் டப்பா ஈரமில்லாமல் இருக்க வேண்டும், சிறுநீரோ பினாயிலோ கலக்கக் கூடாது.

தென்கொரியாவில் இப்படிச் செய்தார்கள். 1966ல் ஒட்டுண்ணித் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, 1969 முதல் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு முறை சிறு உறையில் மலம் எடுத்துவர, முட்டை தெரிந்த பிள்ளைக்கு மருந்து கொடுத்தார்கள். 1971ல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் 84.3 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு புழு முட்டை இருந்தது. 1997ல் 2.4 விழுக்காடு. மருந்து மட்டும் சாதித்ததல்ல அது. அதே காலத்தில் வயலுக்கு மனித மலத்தை எருவாகப் போடும் வழக்கம் ஒழிந்தது, கழிப்பறையும் வந்தது. ஆனால் எந்த ஆண்டு எவ்வளவு குறைந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் பரிசோதனை என்று நாங்கள் கேட்கவில்லை. வட்டாரத்துக்கு இரண்டு பள்ளி போதும். ஒன்று வயல் சார்ந்த ஊரில், ஒன்று நகர ஓரத்தில். மாத்திரைக்கு முந்தின வாரம் ஒரு சுற்று, மூன்றாவது வாரத்தில் ஒரு சுற்று, ஆறாவது மாதம் அடுத்த மாத்திரைக்கு முன் ஒரு சுற்று. முதல் சுற்றில் முட்டை தெரிந்த 50 பிள்ளைகளாவது கிடைக்கும்படி மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு பள்ளியில் அத்தனை பேர் கிடைக்கவில்லை என்றால் அதுவே நல்ல செய்தி, பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். முடிவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகள் பெயர் இல்லாமல், படித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது வாரத்தில் குறைந்து ஆறாவது மாதத்தில் ஏறினால் கழிப்பறையையும் செருப்பையும் கவனிக்க வேண்டும். மூன்றாவது வாரத்திலேயே குறையவில்லை என்றால் மாத்திரை கொடுத்த விதத்தையும் மருந்தையும் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்கு வயிறு உப்பி, விட்டுவிட்டுக் கடுமையாக வலித்து, பச்சையாக வாந்தி எடுத்து, மலம் காற்று எதுவும் போகவில்லை என்றாலோ, வாந்தியில் நாக்குப்பூச்சி வந்தாலோ வீட்டில் பூச்சி மருந்து எதுவும் கொடுக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். புழுக்கள் உருண்டு குடலை அடைத்திருக்கலாம். மாத்திரை போட்ட நாளில் வரும் லேசான வயிற்றுவலி, குமட்டல், ஓரிரு வாந்தி வேறு. சற்று நேரம் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் அடங்கிவிடும், அதைக் கண்டு அடுத்த முகாமில் மாத்திரையை மறுக்க வேண்டியதில்லை.

சுகாதாரத் துறைக்கு: அடுத்த முகாமுக்கு ஒரு மாதம் முன்பே நைலான் சல்லடை, அச்சு, செலோபேன் ஆகியவற்றை வட்டார லேபுகளுக்கு அனுப்பிவிடுங்கள். செலோபேன் கிளிசரினில் குறைந்தது ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும், முகாமன்று காலையில் வந்து சேர்ந்தால் பயனில்லை.

இப்படிக்கு,
மலப் பரிசோதனைக் கூடத்திலும் பள்ளி சுகாதாரப் பணியிலும் உள்ள சிலர்,
திருவண்ணாமலை மாவட்டம்.